லோட்டாவின் நீரூற்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

சான் பிரான்சிஸ்கோவுக்குப் புதிதாக வருகிறவர்களின் கையில் ஒரு பட்டியல் இருக்கும்: கோல்டன் கேட் பாலம், கேபிள் கார், வளைந்து வளைந்து இறங்கும் லொம்பார்ட் தெரு. அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நகரின் மையத்தில் மார்க்கெட் தெரு, கியரி தெரு, கியர்னி தெரு மூன்றும் கூடும் இடத்தில், பொன்பழுப்பு வண்ணம் பூசிய ஒரு வார்ப்பிரும்பு நீரூற்று நிற்கிறது. லோட்டாவின் நீரூற்று என்று பெயர். 1906ஆம் ஆண்டு நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் நகரத்தைத் தின்றபோது எரிந்துபோன தெருக்களுக்கு நடுவே இது நின்றது. உயிர் தப்பியவர்கள் தங்கள் மனிதர்களைத் தேடி இங்கேதான் வந்தார்கள்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிய நீரூற்றை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வண்ண விளக்கும் பீய்ச்சியடிக்கும் தண்ணீரும் இங்கே கிடையாது. வழிப்போக்கர்கள் தாகம் தீர்த்துக்கொள்ள வைத்த தூண் இது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இரும்பில் வார்த்த தண்ணீர்ப்பந்தல். நான் முதல் தடவை போனபோது இரண்டு முறை பக்கத்திலேயே நடந்து கடந்துவிட்டேன். பஸ், டிராம், சைக்கிள், விரைந்து நடக்கும் அலுவலகக் கூட்டம் ஆகியவற்றுக்கு நடுவில் அது தன்னைத் தானே காட்டிக்கொள்வதில்லை. அதனால் கதையைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கும் தெரியாமல் போகிறவருக்கும் இங்கே கிடைப்பது ஒன்றாக இருக்காது.

கிளம்புவதற்கு முன்: கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள்

லோட்டா கிராப்ட்ரீ ஒரு நாடக நடிகை. 1847இல் நியூயார்க்கில் பிறந்தவர். தந்தை தங்கம் தேடி கலிஃபோர்னியாவுக்கு ஓட, தாய் மேரி ஆன் சிறுமியை அழைத்துக்கொண்டு பின்னால் வந்தார். கிராஸ் வேலி என்ற சுரங்க ஊரில் பக்கத்தில் குடியிருந்த நடனக்காரி லோலா மொன்டெஸ் அந்தச் சிறுமிக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார். அதன்பிறகு லோட்டா சுரங்க முகாம்தோறும் ஆடிப் பாடினார். மனம் குளிர்ந்த தொழிலாளர்கள் மேடையை நோக்கி நாணயங்களையும் தங்கத் துணுக்குகளையும் வீசுவார்கள், தாய் அவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பார். பின்னாளில் நாடெங்கும் புகழ்பெற்று, அமெரிக்க மேடையில் மிக அதிகம் சம்பாதித்தவர்களுள் ஒருவரான பிறகும், தன்னை வளர்த்த ஊர் இது என்ற எண்ணம் அவருக்குப் போகவில்லை. பிலடெல்பியாவில் வார்க்கச் செய்த நீரூற்றை அனுப்பிவைத்தார். கலிஃபோர்னியா மாநிலமாகி இருபத்தைந்தாவது ஆண்டு நிறைந்த 1875 செப்டம்பர் 9 அன்று அதைத் திறந்தார்கள்.

லோட்டா என்பது சார்லட் என்ற பெயரின் சுருக்கம். தமிழ்க் காதுக்கு வேறொன்றும் கேட்கும். பலர் வீட்டில் தண்ணீர் குடிக்கும் குவளைக்கு அதே பெயர்தான். இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை என்றாலும், ஊருக்குக் குடிநீர் கொடுத்தவருக்கு அந்தப் பெயர் அமைந்தது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது.

1906 ஏப்ரல் 18, புதன்கிழமை, விடியற்காலை 5 மணி 12 நிமிடம். முதலில் ஒரு சிறு அதிர்வு. இருபது, இருபத்தைந்து விநாடி கழித்துப் பெரிய நடுக்கம், ஏறத்தாழ ஒரு நிமிடம். சான் ஆண்ட்ரியாஸ் பிளவு 477 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. இன்றைய மதிப்பீட்டில் அளவு 7.9. ஆனால் நடுக்கத்தைவிடத் தீயே நகரத்தை அதிகம் அழித்தது. நிலத்தடித் தண்ணீர்க் குழாய்கள் உடைந்துவிட்டதால் தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றும் தண்ணீர் வரவில்லை. தீயணைப்புத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் நடுக்கத்திலேயே படுகாயமுற்றுச் சில நாளில் இறந்துபோனார். மூன்று நாளுக்கு மேல் எரிந்த தீயில் 28,000 கட்டடங்கள் போயின. நான்கு லட்சம் பேர் வாழ்ந்த நகரில் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். இறந்தவர் சில நூறு பேர் என்றுதான் முதலில் கணக்குச் சொன்னார்கள். நகர ஆவணக் காப்பாளராக இருந்த கிளாடிஸ் ஹான்சன் பல ஆண்டுகள் பெயர் பெயராகத் தேடிய பிறகுதான் அந்த எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டும் என்று தெரியவந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தூணை நினைத்துப் பாருங்கள். வீட்டு அடையாளம் இல்லை, கடை அடையாளம் இல்லை, தெருப் பெயர்ப்பலகை இல்லை. எங்கே சந்திப்பது என்று யாரிடமாவது சொல்ல வேண்டுமானால் எல்லாருக்கும் தெரிந்த ஒரு இடம் வேண்டும். மிஞ்சி நின்றவற்றுள் எல்லாரும் அறிந்தது இது. கணவனைத் தேடும் மனைவி, பிள்ளையைத் தேடும் தாய் என்று இங்கே வந்து நின்றார்கள், செய்தி விட்டுப் போனார்கள், காத்திருந்தார்கள்.

எந்த நேரம் நல்லது

சனி அல்லது ஞாயிறு காலை ஏழரையிலிருந்து ஒன்பது மணிக்குள் போங்கள். வேலை நாள் மாலையில் அந்த முக்கில் நிம்மதியாக நிற்க முடியாது. திறந்த தெருவில் நிற்பதால் கட்டணம், டிக்கெட், வாசல் நேரம் எதுவும் இல்லை. இரவு தாமதமாகத் தனியே போவதைத் தவிருங்கள். எந்த மாதமானாலும் மேலுக்கு ஒரு கம்பளிச் சட்டை அவசியம். ஜூலையில் சான் ஹோசேயிலிருந்து அரைக்கைச் சட்டையோடு வந்து நடுங்கும் நம்மவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். குடிதண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள், நீரூற்றில் தண்ணீர் ஓடும் என்று நம்பிப் போகவேண்டாம்.

எப்படிப் போவது

பார்ட் ரயில்தான் எளிது. ஃப்ரீமான்ட் பக்கமிருந்து வந்தாலும், விமான நிலையத்திலிருந்து வந்தாலும், மான்ட்காமரி தெரு நிலையத்தில் இறங்குங்கள். கிளிப்பர் என்ற பயண அட்டை ஒன்று வாங்கிவிட்டால் பார்ட், மியூனி (நகரின் பஸ், டிராம் சேவை), கால்டிரெயின் மூன்றுக்கும் செல்லும். சன்னிவேல், மவுன்டன் வியூ பக்கத்தில் இருப்பவர்கள் கால்டிரெயினில் நான்காம் தெரு நிலையம் வரை வந்து, அங்கிருந்து மியூனியின் ‘N’ தட ரயிலில் மான்ட்காமரி வரலாம்.

நிலையத்திலிருந்து மேலே ஏறியதும் திசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மார்க்கெட் தெரு நேர்கோடு. அதன் ஒரு முனையில் ஃபெர்ரி பில்டிங்கின் கடிகார கோபுரம் தெரியும். அதற்கு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்குங்கள். இடப்பக்கம் பேலஸ் ஹோட்டல் வரும். அதைக் கடந்து இன்னும் சிறிது தூரத்தில் வலப்பக்கம் தெருக்கள் விரியும் இடத்தில் நீரூற்று. நடை ஐந்து நிமிடத்துக்குள்தான். பாதசாரிகளுக்கான சிக்னலை மதித்துக் கடந்து செல்லுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். மூன்று தெருக்கள் கோணலாகச் சேருமிடம் இது, வண்டி எங்கிருந்து திரும்புகிறது என்பது பழக்கமில்லாதவர் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது.

நேரம் இருந்தால் ஃபெர்ரி பில்டிங்கிலிருந்தே நடந்து வரலாம். தூரம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1898இல் கட்டிய அந்தக் கோபுரமும் 1906இல் தப்பியதுதான். வழியில் பேட்டரி தெரு முக்கில் பொறித் தொழிலாளர்களைக் காட்டும் ஒரு வெண்கலச் சிலைக் கூட்டம் இருக்கிறது. காது கேளாத சிற்பி டக்ளஸ் டில்டன் செய்து 1901இல் வைத்தது. இடிபாடுகளுக்கு நடுவே அது நிற்கும் பழைய புகைப்படங்கள் புகழ்பெற்றவை. கழிவறை தேவைப்படுகிறவர்கள் ஃபெர்ரி பில்டிங்கிலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. பெரியவர்களால் நடக்க முடியாவிட்டால், பழைய டிராம் பெட்டிகள் ஓடும் எஃப் தடம் மார்க்கெட் தெருவிலேயே போகிறது.

காரில் வருவது வீண் தொல்லை. மையப் பகுதியில் மார்க்கெட் தெருவில் சொந்தக் கார்கள் போக 2020 ஜனவரியிலிருந்து தடை. காரில்தான் வரவேண்டுமென்றால் ஐந்தாம் தெருவும் மிஷன் தெருவும் சேரும் இடத்தில் உள்ள பெரிய நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். காருக்குள் பை, லேப்டாப், குழந்தையின் துணிப்பை கூட வெளியே தெரிய இருக்கக் கூடாது. கண்ணாடியை உடைத்து எடுத்துப் போகிறார்கள்.

வந்து சேர்ந்ததும்

உடனே படம் எடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். முதலில் ஒரு முறை சுற்றி வாருங்கள். சிங்க முகங்களைத் தொட்டுப் பாருங்கள். வார்ப்பிரும்பின் குளிர்ச்சி விரலில் ஏறும்.

பிறகு பாடகி ஒருவரின் புடைப்பு உருவம் பதித்த தகட்டைத் தேடுங்கள். இத்தாலியப் பாடகி லூயிசா டெட்ராசினி அவர். செய்தவர் சிற்பி ஹெயிக் பட்டீகியன். 1910ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. டெட்ராசினிக்கும் அவருடைய நிகழ்ச்சி முதலாளிக்கும் ஒப்பந்தத் தகராறு. வேறெங்கும் பாடவிடாமல் தடுக்கப் பார்த்தார்கள். அப்படியானால் சான் பிரான்சிஸ்கோ தெருவில் பாடுகிறேன், அங்கே தெரு எல்லாருக்கும் பொது என்று சொல்லிவிட்டார். சொன்னபடி வந்து, இந்த நீரூற்றின் அருகே மேடை போட்டு, ஒரு பைசா வாங்காமல் பாடினார். கேட்க வந்தவர்கள் இரண்டு, இரண்டரை லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம். நகரம் எரிந்து ஐந்தாண்டுகூட ஆகவில்லை. அந்தக் கூட்டத்தில் நின்ற பலர் 1906இல் இதே இடத்தில் யாரையோ தேடி நின்றவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். என்னைக் கேட்டால், நீரூற்றின் வரலாற்றில் மிக அழகான இரவு அதுதான்.

லோட்டாவும் ஒரு முறை திரும்பி வந்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அவர் பெயரிலேயே ஒரு நாளைக் கொண்டாடினார்கள். மேடையை விட்டு விலகி இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்த அந்த அம்மையார், தாம் கொடுத்த நீரூற்றின் பக்கத்தில் நின்றபோது ஊர் திரண்டு வந்தது. 1924இல் பாஸ்டனில் இறக்கும்போது அவர் விட்டுச்சென்ற சுமார் நாற்பது லட்சம் டாலரில் பெரும்பகுதி அறக்காரியங்களுக்கே போனது.

நீரூற்று இன்று நிற்பது 1875இல் வைத்த அதே புள்ளியில் அன்று. மார்க்கெட் தெருவைச் சீரமைத்தபோது 1974இல் சற்றே நகர்த்தினார்கள். 1999இல் முழுமையாகப் புதுப்பித்தார்கள். இந்த விவரங்களை யாரும் கேட்டால் சொல்லலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

இப்போது நீரூற்றுக்கு முதுகு காட்டி நின்று நாலு பக்கமும் பாருங்கள். அந்தக் காலத்தில் இது பத்திரிகைகளின் முக்கு. கியர்னி தெரு முனையில் உள்ள செங்கல் கட்டடம் 1890இல் கட்டிய கிரானிக்கிள் அலுவலகம். எதிர்ப்புறம் மூன்றாம் தெரு முனையில் எக்ஸாமினரின் இடம். அதற்கு நேரெதிரே ‘கால்’ (Call) என்ற பத்திரிகையின் கோபுரம். கோபுரத்தின் உள்ளெல்லாம் எரிந்தும் எஃகுச் சட்டகம் நின்றது. உச்சியில் இருந்த குவிமாடத்தை 1938இல் எடுத்துவிட்டதால் இன்று அது சாதாரண அலுவலகக் கட்டடம்போல் தெரியும். மூன்றும் ஒன்றையொன்று முந்தப் போட்டியிட்ட பத்திரிகைகள். மூன்றின் அலுவலகமும் எரிந்த மறுநாள், ஏப்ரல் 19 அன்று, ஓக்லண்டுக்குப் போய் இன்னொரு பத்திரிகையின் அச்சகத்தில் மூன்று பெயரையும் சேர்த்துப் போட்டு ஒரே தாளாக வெளியிட்டார்கள்.

வரும் வழியில் பார்த்த பேலஸ் ஹோட்டலும் இந்தக் கதையில் உண்டு. 1875இல் திறந்தது, நீரூற்றின் வயதுதான். நிலநடுக்கத்தைத் தாங்கியது, தீயைத் தாங்கவில்லை. முதல் நாள் இரவு ஆபெராவில் பாடிவிட்டு வந்து அங்கே தூங்கிக்கொண்டிருந்த எனரிக்கோ கரூசோ அதிர்ந்து எழுந்து ஓடினார். இப்போது நிற்பது 1909இல் திறந்த புதுக் கட்டடம். கண்ணாடிக் கூரை போட்ட அதன் உணவுக்கூடத்தை வாசலில் நின்றாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்கள் அங்கேயே பேசவேண்டியது

இதை இந்த இடத்தில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் குடியேறியிருக்கும் நாம் எல்லாரும் நிலநடுக்க பூமியில் வாழ்கிறோம். 1989 அக்டோபர் 17 மாலை 5:04க்கு வந்த லோமா ப்ரியேட்டா நடுக்கத்தில் 63 பேர் இறந்தார்கள். ஃப்ரீமான்ட், ஹேவர்ட் ஊர்களின் கீழேயே ஹேவர்ட் பிளவு ஓடுகிறது.

அந்த நீரூற்றின் பக்கத்தில் நின்றுகொண்டு உங்கள் வீட்டாரைக் கேளுங்கள்: ஃபோன் வேலை செய்யவில்லை, ஆளுக்கொரு இடத்தில் இருக்கிறோம், எங்கே வந்து சேர்வது? 1906இல் சான் பிரான்சிஸ்கோ மக்களுக்கு நீரூற்று கிடைத்தது. உங்களுக்கு ஒரு இடத்தை நீங்களே முன்கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, ஊருக்குள் போக முடியாமல் போனால் வெளியே ஒன்று. தொலைவில் இருக்கும் ஒரு உறவினரை, டல்லாஸில் உள்ள அத்தையோ மதுரையில் உள்ள சித்தப்பாவோ, எல்லாரும் தகவல் சொல்லும் ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்த் தொடர்பு திணறும்போது வெளியூர் எண் சில சமயம் கிடைத்துவிடும். பெர்க்லி பல்கலைக்கழகம் உருவாக்கிய மைஷேக் செயலியை ஃபோனில் ஏற்றிக்கொள்ளுங்கள், சில விநாடி முன்னெச்சரிக்கை கிடைக்கலாம். இன்னொன்று, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குக் கட்டாயம் சொல்லவேண்டியது: பூமி ஆடினால் வெளியே ஓடவேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஓடவேண்டாம். குனிந்து, உறுதியான மேசைக்கடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ளவேண்டும். தெருவில் இருந்தால் கண்ணாடியும் செங்கல்லும் விழும் கட்டட ஓரத்தை விட்டு விலக வேண்டும்.

ஏப்ரல் 18 அன்று போக முடிந்தால்

முடிந்தால் அன்றைக்கே போங்கள். ஆண்டுதோறும் அந்த விடியற்காலையில் நீரூற்றைச் சுற்றி மக்கள் கூடுகிறார்கள். சிலர் 1906ஆம் ஆண்டு உடையில் வருவார்கள். நீரூற்றில் மலர்வளையம் மாட்டுவார்கள். 5:12க்கு எல்லாரும் மௌனமாக நிற்பார்கள். தீயணைப்பு வண்டிகளின் சங்கு ஒலிக்கும். பல ஆண்டுகள் உயிர் தப்பியவர்களே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மூன்று மாதக் குழந்தையாக அந்த நாளைக் கடந்த வில்லியம் டெல் மான்டே, கடைசியாக அறியப்பட்டவர், 2016 ஜனவரியில் 109 வயதில் காலமானார். ஆனாலும் ஆண்டுதோறும் கூடுவது இன்னும் நின்றுபோகவில்லை.

போகிறவர்கள் நாலரை மணிக்கே இடத்தில் இருக்கவேண்டும். அந்த நேரத்துக்கு வந்து சேர பார்ட் ரயில் இருக்காது. மியூனியின் இரவு பஸ்கள் ஓடும், அல்லது முதல் நாளே நகரில் தங்கிவிடுவது உத்தமம். நன்றாகக் குளிரும். இருட்டாகவும் இருக்கும். 1906இல் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது, அன்றைய 5:12க்குக் கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பதால், நாம் நிற்கும் 5:12 அவர்கள் கணக்கில் நாலேகால். மௌனம் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே நடமாடிக்கொண்டிருங்கள். 6:12 ஆகும்போது வானத்தில் தெரியும் வெளிச்சம்தான் அன்று அவர்கள் கண்ட வெளிச்சம்.

அங்கிருந்து பொன்னிறக் குழாய்க்கு

இந்தப் பயணத்தைப் பாதியில் விடக்கூடாது. மான்ட்காமரி நிலையத்தில் மியூனி ஜே ரயில் ஏறி, சர்ச் தெருவும் இருபதாம் தெருவும் சேரும் இடத்தில் இறங்குங்கள். டொலோரஸ் பூங்காவின் மேல் மூலை அது. எதிரே நடைபாதையில் பொன்வண்ணம் அடித்த ஒரு சின்னத் தீயணைப்புக் குழாய் இருக்கும். 1906இல் நகரில் பெரும்பாலான குழாய்கள் வறண்டு கிடந்தபோது இதில் தண்ணீர் வந்தது. வண்டி இழுத்த குதிரைகள் களைத்துவிட்டதால், வீடிழந்து பூங்காவில் தஞ்சமடைந்திருந்த மக்கள் தாங்களே தீயணைப்பு வண்டிகளை மேட்டின்மேல் ஏற்ற உதவினார்கள். மிஷன் பகுதியின் பெரும்பங்கு எரியாமல் பிழைத்தது இந்தத் தண்ணீரால். ஏப்ரல் 18 காலை நீரூற்றில் நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு கூட்டம் நேரே இங்கே வந்து அதற்குப் புதிதாகப் பொன்வண்ணம் அடிக்கும்.

குழாயைப் பார்த்துவிட்டுப் பூங்காவின் அந்த மூலையில் புல்லில் உட்காருங்கள். கீழே சரிவு, அதற்கப்பால் நகர மையத்தின் உயர்ந்த கட்டடங்கள் வடகிழக்கே தெரியும். வீடிழந்தவர்கள் இதே மேட்டில் முகாமிட்டு, அந்தப் பக்கம் புகை எழுவதைப் பார்த்தபடி இருந்தார்கள். கொண்டுவந்த தயிர்சாதத்தை அங்கே பிரிக்கலாம். திரும்பும் ஜே ரயில் இறங்கிய இடத்துக்கு எதிர்ப்புறம் வரும்.